நாலு நாளில் வந்த மந்தை

அதெமார் தெச்சேரா வியாழக்கிழமை என்று சொன்னால், வியாழக்கிழமை காலை ஏலச் சந்தையின் கேட் முன்னால் மாடு நிற்கும். செர்ரோ லார்கோ மாவட்டத்தின் மண் சாலைகளில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்பதுவரை, முப்பத்தொரு வருடம் மந்தை ஓட்டியிருந்தவர். அதுவரை ஒரு தடவைகூட நாள் தவறியதில்லை. ஆறு பெருக்கெடுத்த வருடம் மாடுகளை நீந்தவைத்துக் கொண்டுவந்தார். குதிரை இடறித் தோள்பட்டை நழுவிய வருடம் கையைக் கழுத்தோடு கட்டிக்கொண்டு வந்தார். மேலோ நகர வானொலியில் ஏல விளம்பரம் படிப்பவர், பண்ணையின் பெயரையும் மாட்டின் எண்ணிக்கையையும் சொல்லிவிட்டு, "ஓட்டி வருபவர் தெச்சேரா" என்று சேர்த்துக்கொள்வார். வாங்க வருகிறவர்கள் அதைக் கேட்டுவிட்டுத்தான் லாரிக்குச் சொல்லிவைப்பார்கள்.

அந்த ஒரு வரிக்காகவே அவர் வாழ்ந்தார் என்று வில்மார் சொல்வான். வில்மார் கொரேயா அவரிடம் பத்து வருடமாக வேலை செய்தவன், வாய் நீளம். அதெமாரின் மனைவி இரண்டு கோடைகாலம் காத்திருந்து பார்த்துவிட்டு ரிவேராவுக்குப் போய்விட்டாள். "அந்தம்மாவும் வியாழக்கிழமை வர்றேன்னு ரேடியோல சொல்லியிருந்தா தோன் அதெமார் நிச்சயமா வீட்டுல இருந்திருப்பாரு" என்று வில்மார், மரியாதைக்கு ஒரு 'தோன்' சேர்த்து, அவர் காதுபடவே சொல்வான். அவர் சிரிக்கமாட்டார், கோபப்படவும் மாட்டார்.

அவருக்கென்று மிச்சமிருந்த உறவு தங்கை நீல்தா மட்டும்தான். அவரைவிடப் பதினோரு வயது சின்னவள். பதினைந்து வருடம் ஒரு பெரிய பண்ணையின் சமையல்கட்டில் கூலிகளுக்குக் கறிக்குழம்பு கிளறியவள். அப்புறம் அரசு குடியேற்ற நிலத்துக்கு மனுப்போட்டு, மேலோவிலிருந்து பத்து கிலோமீட்டரில் தொண்ணூறு ஹெக்டேர் குத்தகைக்குப் பெற்றாள். புருஷன் ரூபென் நெல் ஆலையில் வேலை பார்த்தான். ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டுக்கு வருவான். நிலத்தைப் பார்த்துக்கொண்டது அவள் ஒருத்திதான். வேலியை அவளே இழுத்துக்கட்டினாள். பன்னிரண்டு கிடாரிகள் வாங்கினாள்: சிவப்பு உடம்பு, வெள்ளை முகம். எண்பத்தெட்டு அக்டோபரில் அவற்றைக் காளையோடு விட்டாள். மூன்றாவது வருட முடிவில் நிலத்தில் பாதிக்குமேல் மாடுகள் கன்று போட்டிருக்கவேண்டும் என்பது குடியேற்ற அலுவலகத்தின் நிபந்தனை. அது கிடக்கட்டும். முதல் கன்று விழும்போது தன் கையில் விழவேண்டும் என்று அவள் பதினைந்து வருடம் அடுப்படியில் நின்று நினைத்திருந்தாள்.

எண்பத்தொன்பது பிப்ரவரியில் மழை இல்லாமல் ஐந்து மாதம் ஆகியிருந்தது. புல் வெளுத்து, காலுக்கடியில் பொடிந்தது. ஓடைகளில் கல் மட்டும் கிடந்தது. பண்ணைக்காரர்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் மாட்டை விற்க ஓடினார்கள்.

சான் ஃபெர்மின் பண்ணையிலிருந்து எழுபத்திரண்டு பசு, மூன்று காளை. நூற்றுப்பத்து கிலோமீட்டர். வழக்கமாக ஏழு நாள் நடை: காலையில் நடக்கவிட்டு, உச்சி வெயிலில் நிழலில் படுக்கவைத்து, மாலையில் மறுபடி நடத்துவது. சாயங்காலம் வழியிலுள்ள ஏதாவது ஒரு நிலத்தில் தங்கல். மந்தை ஓட்டி வருபவன் கேட்டால் தண்ணீரும் ஓர் இரவு மேய்ச்சலும் இல்லை என்று சொல்வது எங்கள் பக்கத்தில் கிடையாது. வறட்சியிலும் கிடையாது. கேட்டைத் திறந்துவிட்டு மாத்தே இலைத் தேநீர்க் குடுவையை நீட்டுவார்கள்.

அந்த முறை புறப்படுவதே தள்ளிப்போனது. பண்ணையின் முதலாளி தலைநகர் மொண்டெவிடியோவிலிருந்து வந்து விற்கவேண்டிய மாடுகளைத் தானே பொறுக்குவேன் என்றார்; மூன்று நாள் கழித்து வந்தார். அதற்குள் வானொலியில் வியாழக்கிழமை என்று சொல்லியாகிவிட்டது. இன்னும் ஒரு வாரம் தள்ளிப்போடலாம் என்று முதலாளியே சொன்னாராம். அதெமார் தொப்பியை மாட்டிக்கொண்டு, வேண்டாம், சேர்ந்துவிடும் என்றார்.

ஏழு நாள் தூரத்தை நாலு நாளில் ஓட்டினார். உச்சிவேளைப் படுக்கை ரத்தானது. வழக்கமான இரண்டு நீர்நிலைகளும் வறண்டு கிடந்ததால் மாடுகள் இரண்டாம் நாள் மதியத்திலிருந்து மூன்றாம் நாள் மாலைவரை தண்ணீர் பார்க்கவில்லை. நாயையும் சாட்டையையும் விட்டுத்தான் நகர்த்தவேண்டியிருந்தது. மூன்றாம் நாள் வில்மார் பின்வரிசையிலிருந்து முன்னால் வந்து, சில மாடுகளுக்கு மூக்கு ஒழுகுகிறது, ஒரு காளைக்கு மூக்கைச் சுற்றி வெள்ளையாக ஏடு கட்டியிருக்கிறது என்று சொன்னான்.

"புழுதிடா" என்றார் அதெமார்.

"எனக்கும்தான் புழுதி. எனக்கு ஒழுகலையே."

"உனக்கு வாய் ஒழுகுதே, போதாதா. போ, பின்னாடி பாரு."

புதன்கிழமை பிற்பகலில் நீல்தாவின் நிலத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அந்தச் சுற்றுவட்டாரத்தில் வற்றாத தண்ணீர் அவளிடம் மட்டும்தான் இருந்தது. காற்றாடி பம்பு ஒன்று மெல்ல முனகிக்கொண்டு சிமெண்டுத் தொட்டியை நிரப்பிக்கொண்டிருந்தது. கிடாரிகள் அதைச் சுற்றியே கிடந்தன. நாலு மாதச் சினை. வயிறு லேசாகத் தெரிய ஆரம்பித்திருந்தது.

நீல்தா கேட்டின் தாழ்ப்பாளில் கையை வைத்தபடி மந்தையைப் பார்த்தாள். நாலு வருடத்துக்கு முன்னால் சான் ஃபெர்மினில் இருமலும் மூக்கொழுகலும் பரவி மாடுகள் மெலிந்துபோனது அவளுக்கு ஞாபகம் இருந்தது. அப்போது அந்தப் பண்ணையின் அடுக்களையில்தான் இருந்தாள்.

"அண்ணே, இதுங்கதானே அன்னைக்குச் சீக்கு வந்து கிடந்தது?"

"அதுங்கதான். வந்து, போயி, நாலு வருஷம் ஆச்சு. ஒருக்கா வந்துட்டுப் போனது மறுபடி வராது. புதுசா வாங்கின மாட்டைவிட இதுங்க சுத்தம்."

"என் கிடாரிங்கள மேல் அடைப்புக்கு ஓட்டிட்டுத் தொறக்கட்டுமா?"

மேல் அடைப்பு எண்ணூறு மீட்டர் தள்ளி இருந்தது. பன்னிரண்டையும் அங்கே கொண்டுபோக முக்கால் மணி நேரம் ஆகும். பின்னால் எழுபத்தைந்து மாடு தண்ணீர் வாசனைக்குக் கத்திக்கொண்டு வேலியை முட்டின.

"நான் சொல்றேன்ல" என்றார்.

அவள் திறந்தாள். மந்தை தொட்டிக்குப் பாய்ந்தது. கிடாரிகள் ஒதுங்கவில்லை, நடுவில் நின்று, வந்த மாடுகளின் முகத்தோடு முகம் இடித்துக்கொண்டு குடித்தன. விடியற்காலையில் மந்தை கிளம்பியது. வியாழன் எட்டரைக்கு ஏலச் சந்தை சேர்ந்தது. விளம்பரம் படிப்பவர் அன்றைய ஒலிபரப்பில் அவருடைய பெயரை இரண்டு தடவை சொன்னார்.

பசுக்கள் எல்லாம் இறைச்சிக்குப் போய்விட்டன. கால் வீங்கியிருந்த ஒரு காளையை மட்டும் யாரும் கேட்கவில்லை. அது லாரியில் சான் ஃபெர்மினுக்குத் திரும்பியது.

ஒரு வாரம் கழித்து நீல்தாவின் கிடாரிகளுக்கு மூக்கு ஒழுகியது. கண் சிவந்தது, இருமின. காய்ந்த காற்று, புழுதி என்று அவளும் நினைத்தாள். பத்து நாளில் எல்லாம் சரியாகிவிட்டது. ஏப்ரல் நடுவில் வயிற்றுப் புழுவுக்கு ஊசி போட்டாள். முன்பெல்லாம் அதற்கு ஆள் கூப்பிடுவார்கள். இந்த முறை தானே செய்வது என்று மருந்துக் கடையில் கற்றுக்கொண்டு வந்திருந்தாள். இரண்டு ஊசிகளில் ஒன்று வளைந்துவிட்டது. பன்னிரண்டுக்கும் ஒரே ஊசியில் போட்டாள்.

ஒன்பது நாள் கழித்து முதல் சினை கலைந்தது. முடி முளைக்காத, பூனை அளவுக் கன்று வேலியோரம் கிடந்தது. அடுத்த வாரம் இரண்டு. மே முடிவதற்குள் எட்டு.

ரூபென் ஞாயிற்றுக்கிழமை வந்து கணக்கைக் கேட்டுவிட்டு, சமையல்காரி கரண்டியோடு நின்றிருக்கணும், ஊசியைத் தொட்டிருக்கக் கூடாது என்றான். வேறு யாராவது அதைச் சொல்லியிருந்தால் அண்ணன் வாயை உடைத்திருப்பார். அன்று அவரும் அந்தச் சாப்பாட்டு மேசையில்தான் உட்கார்ந்திருந்தார். ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்தார்.

மூன்றாவது சினை கலைந்தபோதே மாட்டு டாக்டர் லரோசா வந்து ரத்தம் எடுத்துப்போயிருந்தார். இளைஞர், நிறையக் கேள்வி கேட்பவர். தலைநகரிலிருந்து முடிவு வர ஒரு மாதம் ஆனது. இது ஒரு வைரஸ், மூக்கில் புகுந்து சினைவரை போகும், வெளியிலிருந்து ஏதோ ஒரு மாடு கொண்டுவந்திருக்கிறது என்றார். வேலிக்குள் எந்த மாடு வந்தது என்று கேட்டார். அண்ணனின் மந்தை மட்டும்தான், அதுவும் சுகமான மந்தை என்றாள் நீல்தா. எல்லாவற்றுக்கும் ஒரே ஊசியா என்றும் கேட்டார். ஆமாம் என்றாள். அப்படிச் செய்யாதீர்கள், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பரவும் என்று சொல்லி எழுதிக்கொண்டார். அவர் கேட்ட நூறு கேள்விகளில் அது ஒன்று. நீல்தாவுக்கு மற்ற தொண்ணூற்றொன்பதும் காதில் விழவில்லை.

டாக்டர் அதெமாரையும் தேடிப்போய்க் கேட்டார். மந்தை எத்தனை நாள் நடந்தது? ஏழு, என்றார் அதெமார். வழியில் ஓய்வு உண்டா? உண்டு. இருமல், மூக்கொழுகல்? இல்லை. குதிரைக்குச் சேணம் பூட்டிக்கொண்டே சொன்னார். வில்மார் பக்கத்தில் நின்று தரையைப் பார்த்தான்.

அந்தப் பொய்யைப் பற்றி அவர் பிற்பாடு விளக்கியதுண்டு. நாலு நாள் என்று சொன்னால், பண்ணைக்காரர்களுக்குத் தெரிந்துபோகும். மாட்டை அடித்து ஓட்டுகிறவன் என்று பேராகிவிடும். வந்துபோன சீக்கு வராது என்பது உறுதி. அப்படியிருக்க, நாலோ ஏழோ, தங்கையின் கிடாரிக்கு அதனால் என்ன? இப்படித்தான் கணக்குப் போட்டாராம். ஆனால் நீல்தா வீட்டு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்குப் போவதை அந்த வாரத்தோடு நிறுத்திக்கொண்டார்.

நீல்தா மெல்ல மாறினாள். மாட்டுக்குக் கட்டுப்போட வேண்டியிருந்தால் பக்கத்து நிலத்துக்காரரைக் கூப்பிட்டாள். மிச்சமிருந்த நாலு கிடாரிகள் ஆகஸ்டில் கன்று போட்டன. முதல் கன்று பாதி வெளியே வந்து நின்றபோது அவள் கிட்டே போகாமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றதாக அந்த நிலத்துக்காரர் சொன்னார். அவர்தான் இழுத்துப்போட்டார். செப்டம்பரில் அவள் குடியேற்ற அலுவலகத்துக்கு எழுதினாள்: நிலத்தைத் திருப்பித் தருகிறேன். மேலோவில் ஒரு பள்ளி விடுதியில் சமையல் வேலை இருந்தது.

அதே ஆகஸ்டில், குதிரைக்குக் களிம்பு வாங்க அதெமார் மருந்துக் கடைக்குப் போயிருந்தார். டாக்டர் லரோசா அங்கே மேசைமேல் காகிதங்களைப் பரப்பியிருந்தார். சான் ஃபெர்மினின் காளைகளுக்கு ரத்தம் பார்த்தாராம். சந்தையிலிருந்து திரும்பிய அந்தக் கால்வீங்கிக் காளையின் ரத்தத்தில், நீல்தாவின் கிடாரிகளில் இருந்த அதே சீக்கின் தடயம் பலமாக இருந்தது.

அது பழையது, நாலு வருடத்துக்கு முந்தியது, குணமாகிவிட்டது என்றார் அதெமார்.

டாக்டர் அவர் முகத்தைப் பார்த்தார். எங்கள் பக்கத்து ஆகஸ்ட் குளிரில் இரண்டு நாள் அலைந்து வந்ததில் அதெமாரின் உதட்டோரம் கொப்புளம் கிளம்பியிருந்தது.

"இது எத்தனை வருஷமா வருது, தோன்?"

"சின்ன வயசுலேர்ந்து. ரொம்ப அலைஞ்சா வரும்."

"யார்கிட்டேர்ந்து ஒட்டிக்கிச்சு இந்தத் தடவை?"

"யாருகிட்டேர்ந்தும் இல்ல. அதுவா வரும்."

"அதுவா வராது. உள்ளேயே இருக்கு. முதல் தடவை வந்தப்ப நரம்பைப் பிடிச்சு ஏறி, முகத்துக்குப் பின்னாடி நரம்பு முடிச்சுல போய்ப் படுத்துக்கிச்சு. நீங்க நல்லா தின்னு, தூங்கி, நிழல்ல இருந்தா அதுவும் தூங்கும். உடம்பு நொந்துபோச்சுன்னா, காவல் இல்லைன்னு தெரிஞ்சு அதே நரம்பு வழியா இறங்கி வரும். மாட்டுக்கும் இதே குடும்பத்துச் சீக்குதான். உங்களுக்கு உதடு, அதுக்கு மூக்கு."

குணமானது மாடு, கிருமி எங்கேயும் போகவில்லை என்றார். தாகம், நெரிசல், பயம், நீண்ட நடை, கன்று ஈனுவது, எதுவும் அதை எழுப்பலாம். எழுந்தால் மூன்று நாலு நாளில் மூக்கு வழியாகக் கொட்டும். அந்த மாட்டுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது, லேசாகச் சளி. ஒரு தடவையும் சீக்குப் பார்க்காத சினைக் கிடாரி ஒன்று அதே தொட்டியில் முகம் வைத்தால் அதற்குத்தான் கேடு. பிறகு அந்தக் கிடாரியின் நரம்பிலும் போய்ப் படுத்துக்கொள்ளும், சாகும்வரை.

காகிதங்களை அடுக்கிக்கொண்டே டாக்டர் சொன்னார்:

"எனக்கு ஒண்ணுதான் பொருந்தல, தோன். ஏழு நாள் நிதானமா நடந்த மந்தையில இது இப்படி எழும்ப வேண்டிய அவசியமே இல்ல. வேற எங்கேயோ இருந்துதான் வந்திருக்கணும்."

அதெமார் களிம்பை வாங்காமலே வெளியே வந்தார்.

மூன்று வாரம் போனது. பேசப்போய் நீல்தாவின் கேட்டுவரை வந்து திரும்பிய நாட்கள் இரண்டு என்று வில்மார் எண்ணிவைத்திருந்தான். கடைசியில் அவளே ஆளனுப்பினாள். பன்னிரண்டு மாட்டையும் நாலு கன்றையும் வியாழக்கிழமை ஏலத்துக்குக் கொண்டுபோகவேண்டும், அண்ணன்தான் ஓட்டித்தரவேண்டும், வேறு ஆளிடம் தர மனம் வரவில்லை. வானொலியில் அதற்குள் சொல்லியாகிவிட்டது: வளர்ப்புக்கு ஏற்ற பன்னிரண்டு இளம் பசுக்கள், ஓட்டி வருபவர் தெச்சேரா.

மழை பெய்து புல் முளைத்திருந்த செப்டம்பர் காலை. நீல்தாவும் குதிரையில் கூடவே வந்தாள். பத்து கிலோமீட்டர்தான். அதெமார் முதல் ஒரு மணி நேரத்தில் இரண்டு தடவை மந்தையை நிறுத்தி மேயவிட்டார்.

"என்னண்ணே, இந்த வேகத்துல போனா அடுத்த வியாழக்கிழமைதான்" என்றாள் நீல்தா. "உன்னைப்பத்தி ரேடியோல சொல்றதெல்லாம் பொய்யா?"

மூன்றாவது தடவை யூக்கலிப்டஸ் தோப்பு ஓரம் நிறுத்தினார். வில்மார் கன்றுகளைத் திருப்பப் போயிருந்தான். அதெமார் குதிரையிலிருந்து இறங்கவில்லை. இறங்கினால் சொல்லமுடியாமல் போய்விடும் என்று தோன்றியதாம்.

"பிப்ரவரியில அந்த மந்தையை நாலு நாள்ல ஓட்டிட்டு வந்தேன், நீல்தா. ஏழு நாள் இல்ல. தண்ணி இல்லாம, படுக்கவிடாம. காளைக்கு மூக்கு ஒழுகிச்சு. வில்மார் சொன்னான். நான் புழுதின்னேன்."

அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் டாக்டர் சொன்னதை வரிசையாகச் சொன்னார்: குணமான மாட்டுக்குள் அது படுத்திருப்பது, அடித்து ஓட்டினால் எழுவது, தொட்டி, முகத்தோடு முகம். டாக்டரிடம் ஏழு என்று பொய் சொன்னதையும் சொன்னார்.

"அப்ப ஊசி?"

"ஊசியால இல்ல. அதுக்கு முந்தியே உன் கிடாரிங்களுக்கு மூக்கு ஒழுகிச்சே; நீ ஊசி போடும்போதே எல்லாம் முடிஞ்சுபோச்சு."

நீல்தா குதிரையின் பிடரியை விரலால் நீவிக்கொண்டிருந்தாள். சத்தம் உயராமல் பேசினாள்.

"ஏப்ரல்லேர்ந்து நான் என் கையைப் பார்த்துட்டு இருக்கேன், அண்ணே. ரூபென் சொன்னப்ப நீ பக்கத்துல உட்கார்ந்து ரொட்டி தின்னே."

"ஆமா."

"ரேடியோல பேரு சொல்லணும்னுதானே?"

"ஆமா."

வில்மார் கன்றுகளோடு வந்துவிட்டான். இருவர் முகத்தையும் பார்த்துவிட்டுக் கன்றுகளை ஓரமாக நிறுத்தினான். நீல்தா தன் மாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள், இப்போது இதுகளுக்குள்ளும் அது இருக்கிறதா என்று. இருக்கும் என்றுதான் டாக்டர் சொல்கிறார், சாகும்வரை, என்றார் அதெமார்.

"அப்ப இன்னைக்கு நடக்கவிட்டு, சந்தையில முட்டி மோதவிட்டு, லாரியில ஏத்தினா?"

அவர் மேலோ போகும் சாலையைப் பார்த்தார்.

"வாங்கிட்டுப் போறவன் வீட்லேயும் ஒரு தொட்டி இருக்குமில்ல" என்றாள் நீல்தா. "திருப்பு."

வில்மார்தான் மெல்லச் சொன்னான்: "தோன், ரேடியோல சொல்லியிருக்காங்க. ஆளுங்க வந்து நிப்பாங்க."

அதெமார் குதிரையைச் சாலையின் குறுக்கே கொண்டுபோய் நிறுத்தி மந்தையின் முகத்தைத் திருப்பினார். முப்பத்தொரு வருடத்தில் முதல் தடவையாக அன்று ஏலச் சந்தையில் அவர் பெயர் சொல்லப்பட்டு மாடு வரவில்லை. வாங்க வந்த நாலைந்து பேர் பத்து மணிவரை சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள் என்று கேள்வி.

நிலத்துக்குத் திரும்பினார்கள். நீல்தா கேட்டில் இறங்கி மாடுகளை ஒவ்வொன்றாக எண்ணி உள்ளே விட்டாள். கடைசிக் கன்று சுணங்கி நின்றது. அதன் பின்னங்காலுக்கிடையில் கை கொடுத்து அவளே தள்ளி உள்ளே விட்டாள். பிறகு கேட்டைச் சாத்தினாள். அதெமாரும் வில்மாரும் வெளியே சாலையில் குதிரைமேல் இருந்தார்கள்.

"குதிரைக்குத் தண்ணி கொண்டாறேன், இரு" என்றாள். "உனக்கும் மாத்தே தர்றேன். ஆனா இனிமே இந்தக் கேட்டுக்குள்ள மந்தை வராது, அண்ணே. உன்னுதும் வராது."

வழியில் தங்கவைத்த மற்ற மூன்று நிலத்துக்காரர்களிடமும் நீ போய்ச் சொல்லவேண்டும் என்றாள். அந்த வாரமே போனார். இரண்டு இடத்தில் சினை மாடு இல்லை, தோளைக் குலுக்கினார்கள். மூன்றாவது இடத்தில் ஐந்து சினை கலைந்திருந்தது. அந்த மனிதர் பக்கத்து நிலத்துக்காரரின் காளைதான் காரணம் என்று நம்பி, அவரோடு மே மாதத்திலிருந்து பேச்சு வார்த்தை இல்லாமல் இருந்தார். பேச்சை ஒட்டவைக்க அதெமார் இருவரையும் ஒரே இடத்தில் உட்காரவைத்து நடந்ததைச் சொன்னார். இருவரும் கேட்டுவிட்டு எழுந்து, தனித்தனி வழியில் போனார்கள்.

டாக்டர் லரோசா குடியேற்ற அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். நீல்தாவுக்கு ஒரு வருட அவகாசம் கிடைத்தது, நிலம் தங்கியது. மாடுகளை அவள் விற்கவில்லை. அவசரமாக நடத்துவதில்லை, நாய் விடுவதில்லை, கன்று பிரிப்பதையும் ஊசி போடுவதையும் ஒரே நாளில் வைத்துக்கொள்வதில்லை. வேற்று மாட்டோடு சேர்க்கவும் இல்லை. பன்னிரண்டும் அவளிடமே வயதாகிச் செத்தன. ரூபென் தன் வார்த்தையைத் திரும்பப் பெற்றானா என்று தெரியவில்லை. அவள் அதைப் பற்றிப் பேசியதில்லை.

அதெமார் அதற்குப் பிறகும் ஒன்பது வருடம் மந்தை ஓட்டினார். ஏழு நாள் தூரத்துக்கு எட்டு நாள் கேட்பார். வானொலிக்காரர் சில மாதம் கழித்து அவர் பெயரைச் சேர்ப்பதை விட்டுவிட்டார். தொண்ணூற்றெட்டில் முழங்கால் ஒத்துழைக்காமல் மேலோவில் ஒரு வாடகை அறையில் ஒதுங்கினார். இதையெல்லாம் அங்கே வைத்துத்தான் சொன்னார், யாராவது கேட்டால். கேட்காவிட்டாலும் சொன்னார். வெயிலில் ஓட்டி வந்த இளம் ஓட்டிகளிடம் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் கடுமையாக இருக்கும். தங்கையைப் பற்றிச் சொல்லும் இடத்தில் நிறுத்திக்கொள்வார்.

அந்த ஒன்பது வருடத்தில் நீல்தாவின் கேட்டை அவர் எத்தனையோ தடவை கடந்தார். மந்தை வரும் தூசியைப் பார்த்ததும் அவள் வாளியும் மாத்தேயும் எடுத்துக்கொண்டு வருவாள். குதிரை குடிக்கும். அண்ணனும் தங்கையும் மூடிய கேட்டின் இருபுறமும் நின்று மழையைப் பற்றியும் அவளுடைய கன்றுகளைப் பற்றியும் பேசுவார்கள். அப்புறம் அவர் மந்தையை இன்னும் மூன்று கிலோமீட்டர் நடத்திக்கொண்டுபோய் வேறொருவர் நிலத்தில் தங்குவார்.

கிளம்புமுன் அவள் எப்போதும் ஒன்று கேட்பாள்.

"எத்தனை நாளா நடக்குது?"

அவர் உண்மையான எண்ணைச் சொல்வார். அவள் தலையாட்டுவாள். பிறகு வாளியைக் கீழே வைத்துவிட்டு, வேலிக்கு உள்பக்கமாகவே நடந்து, சாலையில் நிற்கும் மாடுகளின் மூக்கை ஒவ்வொன்றாகத் தானே பார்ப்பாள். அவள் பார்த்து முடிக்கும்வரை அவர் குதிரையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.